வெடி பட்ட நேரம்

உந்த ஆஸ்பத்திரித் துண்டுக் கடுதாசியை அடுத்த வீட்டுக்குக் குடுங்கோ பிள்ளை, எனக்கு வேண்டாம். கோவத்திலை சொல்லேல்லை. இருங்கோ, அந்தக் கதிரையை நிழலுக்குள்ளை இழுத்துப் போட்டு இருங்கோ. உந்தக் கிரவல் றோட்டாலை மோட்டச்சைக்கிள் ஓடி வந்தால் நாரி முறியும். தேத்தண்ணி வைக்கிறன். மனுசி வீட்டிலை இல்லை, என்ரை கைத் தேத்தண்ணிதான். சீனி கூடினாலும் குறைஞ்சாலும் பேசாமல் குடிக்கவேணும்.

துண்டிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியும். துவக்கு வைச்சிருக்காதே. வைச்சிருந்தால் ஆளுக்கு நேரை பிடியாதே. என்னெண்டு தெரியாமல் வெடி வையாதே. காயம் பட்டால் அமத்திப் பிடி, கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, டொக்டருக்கு உண்மையைச் சொல்லு. சரியோ? சிரிக்கிறியள். உதுகள் எல்லாம் எனக்குத் தெரியாமலோ அது நடந்தது?

ஓம், நான்தான் அந்த ஆள். தர்மகுலசிங்கம். உங்கடை புத்தகத்திலை பேர் இருக்கும். மச்சானைச் சுட்டவன். நீங்கள் வரேக்கை சந்திக் கடையிலை சொல்லியிருப்பினம், "அந்த வீட்டுக்குப் போறியளோ, கவனம்" எண்டு. சொன்னவையோ இல்லையோ? பரவாயில்லை, முகத்திலை தெரியுது.

நான் ஒண்டு சொல்லுறன் பிள்ளை. இந்த ஊரிலை துவக்கைப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் எண்டால் நான் ஒராள்தான். மற்றவங்கள் எல்லாம் கட்டுத்துவக்கைப் பாதைக்குக் குறுக்காலை கட்டிப்போட்டு வீட்டை வந்து படுக்கிற ஆக்கள். அதிலை மாடு வந்தாலும் வெடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாலும் வெடிக்கும். நான் ஒரு நாளும் கட்டுத்துவக்கு வைக்கேல்லை. கேட்டுப்பாருங்கோ. நான் கண்ணாலை பார்த்துச் சுடுற ஆள். கண்ணாலை பார்த்து.

துவக்கு அப்பாவின்ரை. இடியன். வாய்ப் பக்கத்தாலை வெடிமருந்து போட்டு, ஈயச் சன்னம் போட்டு, கம்பியாலை இடிக்கிறது. ஒரு வெடி வைச்சால் பிறகு திரும்ப இடிக்க நேரம் எடுக்கும். சண்டை தொடங்க முந்தி அப்பா அதைக் கிறீஸ் பூசிப் புதைச்சவர். நாங்கள் அகதி முகாமாலை திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை, கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கு, துவக்கு மட்டும் மண்ணுக்குள்ளை அப்பிடியே கிடந்தது. லைசன் இல்லை. எங்களுக்கு ஆர் லைசன் தரப்போறாங்கள்? பிடிபட்டால் மறியல், கம்பி எண்ணவேணும். அதாலை வீட்டிலை வைக்கிறதில்லை. காட்டுக்குள்ளை ஆற்றுக்கு அங்காலை ஒரு பாலை மரம், அதின்ரை பொந்துக்குள்ளை வைக்கிறது. அந்த இடம் எனக்கும் நேசனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நேசன்தான் மச்சான். தவநேசன். என்ரை மனுசி இராசமலரின்ரை தம்பி. அவளுக்கு அவன் தம்பி எண்டு சொல்லக்கூடாது, பிள்ளை எண்டுதான் சொல்லவேணும். தாய் தகப்பன் ரெண்டு பேரும் ஒரே செல் அடியிலை போக, அந்தக் குடும்பத்திலை மிஞ்சினது இது ரெண்டும்தான். எங்களுக்கும் பிள்ளையள் இல்லை. முப்பத்துநாலு வயசாகியும் அவனுக்கு அவள்தான் சோத்தைக் குழைச்சு வைக்கிறது. நான் பகிடி பண்ணுவன், "உனக்குக் கலியாணம் கட்டிவைச்சால் உன்ரை பெண்டாட்டி இவளோடை சண்டை பிடிச்சே செத்துப்போவாள்" எண்டு. ரெண்டு பேரும் சிரிப்பினம். ஒரே மாதிரிச் சிரிப்பு.

இந்தாங்கோ தேத்தண்ணி. கொதிக்குது, ஆறவிட்டுக் குடியுங்கோ.

மாசி மாசம் பிள்ளை. தோட்டத்திலை கச்சான் காய் பிடிச்சு நிக்குது. காட்டுப் பண்டி வந்து ஒரு இரவிலை நாலு வரிசையைக் கிண்டிப்போட்டுப் போகுது. வெடி கொளுத்திப் பார்த்தம், தகரம் தட்டிப் பார்த்தம். அதுகளுக்குப் பழகிப்போச்சு. விடியப்புறம்தான் அதுகள் வயிறு நிரம்பித் திரும்பிப் போறது. நல்லா வெளிச்சம் வந்தாப் பிறகுதான் நான் வெடி வைப்பன். இருட்டிலை வைக்கமாட்டன். உங்கடை துண்டிலை அது இருக்கோ? இல்லைத்தானே. எழுதிக்கொள்ளுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணி ஆறேகாலுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வேலிக்கு அங்காலை நிக்கிறம். நான் துவக்கோடை பெரிய வீரை மரத்தடியிலை. நேசன் கத்தியோடை பத்தைக்கு மற்றப் பக்கம். அவன் நிக்கிறது பண்டி எந்தப் பக்கத்தாலை வெளிக்கிடுதெண்டு பார்க்க. அவனுக்கு நான் சொல்லித்தான் நிப்பாட்டினது. "என்ன நடந்தாலும் இடத்தை விட்டு அசையாதை, நான் வாறன்" எண்டு. எத்தினை தரம் சொல்லியிருப்பன். இதை எல்லாரிட்டையும் சொல்லுறன், பொலிசிலையும் சொன்னனான். அசையாதை எண்டு சொன்னனான்.

பண்டி வந்தது. வெடி வைச்சன். பட்டது, ஒரு கத்துக் கத்திக்கொண்டு பத்தைக்குள்ளை பூந்திட்டுது. வெடி பட்ட பண்டி பொல்லாதது பிள்ளை, உடனை பின்னாலை போகக்கூடாது. நிண்டு ஆறுதலாத் திரும்ப மருந்து இடிச்சன். குழல் மேலை பார்க்கத்தான் இடிக்கிறது. மருந்தைப் பத்தவைக்கிற அந்தச் சின்னக் கேப்பைக் கடைசியாத்தான் வைக்கிறது. வேலி கடக்கேக்கை கேப்பைக் கழட்டிப்போட்டுத்தான் கடப்பன். உப்பிடி ஒவ்வொண்டும் பார்த்துப் பார்த்துச் செய்யிற ஆள் நான். செய்யாதவங்கள் எல்லாம் வீட்டிலை பிள்ளை குட்டியோடை இருக்கிறாங்கள்.

இனி ஒண்டு உங்களுக்கு விளங்கவேணும். நீங்கள் யாழ்ப்பாணமோ? அப்ப தெரியாது. எங்கடை ஆக்கள் வேட்டைக்குப் போனால் காட்டுக்குள்ளை பேர் சொல்லிக் கூப்பிடமாட்டம். கூப்பிட்டால் காட்டிலை இருக்கிறது அந்தப் பேரைப் பழகிப்போடும், பிறகு அது ஒரு நாளைக்கு அந்த ஆளைக் கூப்பிடும் எண்டு ஒரு பயம். நீங்கள் சிரிக்கலாம். என்ரை அப்பா கூப்பிடேல்லை, அவரின்ரை அப்பா கூப்பிடேல்லை, நானும் கூப்பிடேல்லை. கதைக்கிறதும் இல்லை. விசில்தான். ஒருக்கா நீட்டி அடிச்சால், எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கிறது. திருப்பி ரெண்டு தரம் அடிச்சால், நான்தான், இஞ்சை நிக்கிறன் எண்டு அர்த்தம். பதில் வராட்டி அது மனிசன் இல்லை. அவ்வளவுதான். இந்தக் காட்டிலை இத்தினை காலமும் அது பிழைச்சதில்லை.

பத்தைக்குள்ளை சரசரக்குது. என்னை நோக்கித்தான் வருது. நான் விசில் அடிச்சன். பதில் இல்லை. திரும்ப அடிச்சன். மூண்டாந்தரமும் அடிச்சன் பிள்ளை. மூண்டு தரம்! சும்மா ஆரேன் மூண்டு தரம் அடிப்பானோ? பதில் இல்லை. குழை ஆடுது, பதிவா, பண்டி உயரத்துக்கு. வெடி வைச்சன்.

நேசன் வியாழக்கிழமை பல்லுப் பிடுங்கினவன்.

கடைவாய்ப் பல்லு. கன்னம் வீங்கி உப்பிடி இருந்தது. கஞ்சிதான் குடிச்சவன், அதையும் ஒரு பக்கத்தாலை. விசில் அடிக்க வாய் குவியாது. அவனைப் பல்லு டொக்டரிட்டை மோட்டச்சைக்கிளிலை ஏற்றிக்கொண்டு போனது ஆர்? நான்தான். வாசலிலை காத்துக்கொண்டு இருந்தது நான். வரேக்கை பஞ்சைக் கடிச்சுக்கொண்டு பின்னாலை இருந்தவன், நான் வேணுமெண்டே கதை குடுத்துக் குடுத்து அவனைச் சிரிக்கவைச்சு நோவாக்கினனான். அதெல்லாம் ஞாபகம் இருந்தது பிள்ளை. வெடி வைக்கேக்கை மட்டும் இல்லை. வெடிச்ச சத்தம் அடங்க முந்தியே ஞாபகம் வந்திட்டுது.

அவன் ஏன் இடத்தை விட்டு வந்தவன் எண்டு கேக்கேல்லையே நீங்கள். எல்லாரும் கேக்கினம். பண்டி செத்துப்போச்சு. அவன் நிண்ட பக்கம் போய் அவனுக்கு முன்னாலையே விழுந்து செத்துப்போச்சு. அதைச் சொல்ல வந்தவன். விசில் அடிக்க ஏலாது, கூப்பிடக்கூடாது, அப்ப என்ன செய்யிறது? நடந்து வந்தவன். பத்தைக்குள்ளாலை குனிஞ்சு குனிஞ்சு வந்தவன். கூப்பிட்டிருக்கலாம் தானே! "அத்தான்" எண்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அத்தான் எண்டது பேரே? பேர் இல்லைத்தானே? ஆனால் நான்தான் பழக்கினனான், வாய் திறக்கக்கூடாது எண்டு. அவன் சொல்லுக் கேக்கிறவன்.

இல்லை, நான் அழேல்லை. புகை கண்ணுக்குள்ளை. அடுப்பு சரியா எரியேல்லை.

துடையிலை பட்டது. வலது துடை, மேல் பக்கம். ரத்தம் எண்டால், பிள்ளை, நீங்கள் ஆஸ்பத்திரியிலை பார்க்கிற ஆள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பயப்பிடேல்லை. அதைக் கட்டாயம் எழுதுங்கோ. இந்த வன்னியிலை ரத்தத்துக்குப் பயந்தவன் ஆர் மிச்சம் இருக்கிறான்? எனக்குச் செய்யத் தெரியும். இராசமலர் சண்டை நேரம் பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்த ஆஸ்பத்திரியிலை ஒத்தாசைக்கு நிண்டவள். அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தது. முதல்லை கையாலை அமத்து, நிக்காட்டிக் காயத்துக்கு மேலை இறுக்கிக் கட்டு, தடி வைச்சு முறுக்கு, கட்டின நேரத்தை ஞாபகம் வைச்சிரு, நடுவிலை அவிழ்க்காதை. அப்பிடியே செய்தனான். அவன்ரை சாரத்தையே கிழிச்சுக் கட்டினனான். ரத்தம் நிண்டது. எழுதுங்கோ பிள்ளை, ரத்தம் நிண்டது. வயித்துப் பக்கத்திலை ஒரு சின்னச் சன்னம் போனது எனக்குத் தெரியாது. ஒரு மிளகு அளவு ஓட்டை, ரத்தமும் பெரிசா இல்லை. அதை ஆர் கண்டது?

உடனை தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன்.

உடனை எண்டால், என்ன, கொஞ்சம் அங்காலை இஞ்சாலை. துவக்கை அப்பிடியே போட்டிட்டுப் போகேலாது தானே. போற வழியிலை ஆராவது கண்டால்? பொலிஸ் வந்தால்? நான் மட்டும் எண்டால் பரவாயில்லை, அவனையும் சேர்த்துத்தான் கொண்டுபோவாங்கள், காலிலை காயத்தோடை. அவனே சொன்னவன், "அத்தான், முதல்லை துவக்கை ஒளிச்சுப்போட்டு வாங்கோ, எனக்கு ஒண்டுமில்லை" எண்டு. அவனே சொன்னது. அவ்வளவு யோசினை உள்ள பெடியன்.

பாலை மரம் ஆற்றுக்கு அங்காலை எண்டு சொன்னன் தானே. மாசியிலை ஆற்றிலை தண்ணி இல்லை, மணல்தான், ஆனால் மணலிலை ஓடேலாது, கால் புதையும். போய் வைச்சன். மருந்துப் பையையும் வைச்சன். வாற வழியிலை பண்டி கிடக்குது. அதை அப்பிடியே விட்டால் இலையான் மொய்க்கும், மாடு தேடி வாறவங்கள் கண்டுபோடுவாங்கள். குழை முறிச்சு மூடினன். அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? பெரிய பண்டி, அதிலை கொஞ்சம் நேரம் போயிருக்கும். பெரிசா இல்லை.

நான் திரும்பி வரேக்கை நேசன் நான் விட்ட இடத்திலை இல்லை. பத்துப் பன்ரண்டு அடி நிலத்தோடை அரக்கி வந்திருந்தான், ஆற்றுப் பக்கமா. நான் போன பக்கமா. நிழல் தேடி வந்திருப்பான் எண்டு நினைச்சன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அரக்கினதிலை கட்டின தடி சுத்தி இளகிப்போச்சு. அதுதான் அவன் செய்த பிழை. அசையாதை எண்டுதானே நான் எப்பவும் சொல்லுறது? மண்ணிலை அவன்ரை விரல் அடையாளம் இருந்தது. நான் திரும்ப இறுக்கிக் கட்டினன். உடம்பு குளிர்ந்திருந்தது. "தண்ணி" எண்டவன். தண்ணி குடுக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், குடுக்கேல்லை. உதையும் எழுதுங்கோ.

தோளிலை போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, லாண்ட்மாஸ்ரர் உழவு மிசின் பெட்டியிலை வைக்கோல் பரப்பிக் கிடத்தி, வீட்டை கொண்டு வந்தன். ஏன் வீட்டை எண்டு கேக்காதேங்கோ. அவன்ரை உடுப்பெல்லாம் வெடிமருந்து மணம். ஆஸ்பத்திரியிலை நுழைஞ்ச உடனை பிடிச்சுப்போடுவாங்கள். மாத்தவேணும் தானே. இராசமலர் முத்தத்தைக் கூட்டிக்கொண்டு நிண்டவள். விளக்குமாறைப் போட்டிட்டு வந்து பெட்டிக்குள்ளை பார்த்தாள். கத்தேல்லை. என்னை ஒண்டும் கேக்கேல்லை. ஏறி அவன்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு, கட்டைத் தொட்டுப் பார்த்து, கழுத்திலை ரெண்டு விரல் வைச்சுப் பார்த்து, "எடு, வண்டியை எடு" எண்டாள். என்னை வாழ்க்கையிலை ஒரு நாளும் அவள் அப்பிடிச் சொன்னதில்லை. "உடுப்பு" எண்டன். "எடு" எண்டாள். நான் உள்ளுக்கை போய்ச் சேட்டு ஒண்டு எடுத்துக்கொண்டு வந்துதான் வெளிக்கிட்டன். அவள் மாத்த விடேல்லை.

ஆஸ்பத்திரியிலை டொக்டர் சின்னப் பெடியன். நல்ல பிள்ளை, அவனிலை ஒரு பிழையும் சொல்லமாட்டன். "என்னாலை வந்த காயம்?" எண்டு கேட்டவன். "பண்டி பல்லாலை வெட்டினது" எண்டன். இராசமலர் அந்த நேரம் உள்ளுக்கை நேசனோடை. டொக்டர் திரும்பவும் கேட்டவன். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ, நான் பொலிஸ் இல்லை" எண்டவன். "பண்டிதான்" எண்டன். அவங்கள் காயத்தைக் கழுவித் துடைச்சு மருந்து கட்டிக்கொண்டு நிக்கேக்கைதான் சன்னம் ஒண்டு தட்டிலை விழுந்த சத்தம் கேட்டது. "ணங்" எண்டு. நான் வெளியிலை நிண்டன், எனக்கும் கேட்டது. பிறகுதான் எக்ஸ்ரே படம் எடுத்து, வயித்துக்குள்ளையும் இருக்கு எண்டு கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் அனுப்பினது. அம்புலன்சிலை இராசமலர்தான் போனவள். நான் பின்னாலை பஸ்சிலை போனனான். நான் போய் இறங்கேக்கை அவள் வாசல் படியிலை இருந்தவள். அவளைப் பார்த்த உடனை எனக்கு விளங்கிட்டுது. சீலை முழுக்க அவன்ரை ரத்தம், அது காய்ஞ்சுபோச்சு.

துவக்கை ரெண்டாம் நாளே பொலிஸ் எடுத்திட்டுது. பாலை மரத்தை அவங்களுக்கு நானேதான் காட்டினனான். இப்ப வழக்கு நடக்குது, நான் பிணையிலை. ஞாயிற்றுக்கிழமையிலை போய்க் கையெழுத்துப் போடுறது. அது கிடக்கட்டும். அதுக்கு நான் கவலைப்படேல்லை. மறியல் எண்டாலும் போறன்.

என்ரை கவலை வேறை பிள்ளை. நீங்களே சொல்லுங்கோ. நான் வேணுமெண்டு செய்தனானோ? கட்டினனான், சுமந்தனான், ஓடினனான். அவளுக்கும் தெரியும் நான் அவனை எப்பிடி வைச்சிருந்தனான் எண்டு. செத்தவீட்டிலை அவள் என்னோடை ஒரு சொல் கதைக்கேல்லை. சரி, துக்கம். எட்டு முடிஞ்சது, கதைக்கேல்லை. முப்பத்தொண்டு முடிஞ்சு, சொந்தக்காரர் எல்லாம் போய், நான் பந்தல் தடியைக் கழட்டிக்கொண்டு நிக்கிறன், வந்து முன்னாலை நிண்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எத்தினை மணிக்கு வெடி பட்டது?"

அவ்வளவுதான். ஏன் சுட்டனீங்கள் எண்டு கேக்கேல்லை. விசிலுக்கு ஏன் பதில் வரேல்லை எண்டு யோசிக்கேல்லையோ எண்டு கேக்கேல்லை. நேரத்தை மட்டும் கேட்டாள். நான் சொன்னன், "எட்டு மணி இருக்கும்" எண்டு. நாங்கள் வீட்டை வந்தது ஒன்பது தாண்டி. எட்டு எண்டால் எல்லாம் சரியா வரும்.

 அவள் சொல்லுறாள், "ரெண்டு வெடி கேட்டது. நான் பல்லு மினுக்கிக்கொண்டு நிண்டனான். ரெண்டாவது வெடி கேக்கேக்கை ஆறரை பஸ் பாலத்திலை கோர்ண் அடிச்சது." அதைச் சொல்லிப்போட்டு உள்ளுக்கை போனாள். நான் பின்னாலை போய்ச் சொன்னன், "அவன்தான் சொன்னவன், துவக்கை ஒளிக்கச் சொல்லி, அதிலைதான் கொஞ்சம் சுணங்கினது" எண்டு. அவள் சீலை ரெண்டையும் நேசன்ரை சேட்டு ஒண்டையும் பையிலை போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டாள். வாய்க்கால் றோட்டிலை அவளின்ரை சின்னம்மா வீடு. நாலு மாசம் ஆகுது.

பாருங்கோ, கேட்டது ஒரு கேள்வி. நான் மறுமொழி சொன்னனான். ஒரு மனுசி ஒரு நேரத்துக்காக வீட்டை விட்டுப் போவாளோ? நேரம் ஆருக்கு வடிவாத் தெரியும் அந்த நிலைமையிலை? என்ரை கையிலை மணிக்கூடு இல்லை.

ஏன் எழும்புறியள்? தேத்தண்ணி முடியேல்லை. ஓமோம், உங்களுக்கு இன்னும் வீடுகள் இருக்கு. அடுத்தது வாய்க்கால் றோட்டோ? அதுதான் கேட்டனான். நீங்கள் வரேக்கையே உங்கடை பட்டியலை எட்டிப் பார்த்திட்டன், குறை நினைக்காதேங்கோ. அவள் உங்களை இருத்திக் கதைப்பாள். அவளுக்கு உந்த ஆஸ்பத்திரிக் கதையள் விருப்பம். கேப்பாள் பிள்ளை, கட்டாயம் கேப்பாள். "துடையிலையும் வயித்திலையும் வெடி பட்ட ஆளை ஒண்டரை மணித்தியாலம் முந்திக் கொண்டு வந்திருந்தால் தப்பியிருப்பானோ" எண்டு. ஆரோ ஒராளின்ரை கதை மாதிரிக் கேப்பாள். நீங்கள் சொல்லுங்கோ, இல்லையெண்டு. வயித்திலை பட்டால் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுங்கோ. படிச்ச பிள்ளை நீங்கள் சொன்னால்...

ஏன் துண்டுகளைத் திரும்பப் பைக்குள்ளை வைக்கிறியள்?

தப்பியிருப்பானோ?

வேண்டாம். சொல்லாதேங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ. அவளுக்கும் பொய் சொல்லவேண்டாம், அவள் நம்பமாட்டாள், எத்தினை பேரை அவள் தன்ரை கையாலை கட்டி அனுப்பினவள். உந்தத் துண்டைத் தாங்கோ. தாங்கோ பிள்ளை, வேண்டாமெண்டு சொன்னது பிழை. அதிலை எங்கை இருக்கு, காயம் பட்ட ஆளைத் தனிய விடக்கூடாது எண்டு? எழுதேல்லையோ? அதை எழுதாமல் பின்னை என்னத்தை எழுதினனீங்கள்?

நில்லுங்கோ. மோட்டச்சைக்கிளை ஸ்டார்ட் பண்ண முந்தி ஒண்டு சொல்லவேணும்.

நேசன் துவக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. அது நான் கட்டின கதை. பொலிசிலை சொன்னனான், கோட்டிலை சொன்னனான், அவளிட்டைச் சொன்னனான், இப்ப உங்களிட்டையும் சொன்னனான். சொல்லிச் சொல்லி எனக்கே அவன்ரை குரலிலை கேக்கத் தொடங்கிட்டுது. ஆனால் அவன் அப்பிடிச் சொல்லேல்லை. நான் துவக்கை எடுத்துக்கொண்டு எழும்பேக்கை என்ரை கையைப் பிடிச்சவன். அந்த வீங்கின வாயாலை, "போகாதேங்கோ அத்தான், எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டவன். நல்ல இறுக்கமாப் பிடிச்சவன் பிள்ளை. நான் ஒவ்வொரு விரலாக் கழட்டினனான். "இந்தா வாறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்.

அதை அவளிட்டைச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை, என்னாலை ஏலாது. அவளின்ரை முகத்தைப் பார்த்தால் நான் திரும்பவும் பொய்தான் சொல்லுவன்.